காப்பித் தோட்டம் பார்க்கப் போவோம்

காலையில் எழுந்தால் காப்பி. விருந்தாளி வந்தால் காப்பி. பெண் பார்க்க வந்தாலும் காப்பி. தமிழ்நாட்டில் காப்பியை அறியாத வீடு இல்லை. ஆனால் காப்பிச் செடியைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? மிகவும் குறைவு.

காப்பி எங்கே விளைகிறது? யார் பறிக்கிறார்கள்? பழம் எப்படித் தூள் ஆகிறது? நல்ல தூள் எது, கலப்புத் தூள் எது? இதையெல்லாம் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கர்நாடக மாநிலத்தில் குடகு மலை இருக்கிறது. அங்கே பல தோட்டங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு சுற்றிக் காட்டுகிறார்கள். கடைசியில் காப்பியை ருசி பார்க்கவும் தருகிறார்கள்.

வாருங்கள், ஒரு சுற்று போய் வருவோம்.

ஆற்றின் வழியே மேலே

நம் பயணம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்குகிறது. மைசூரிலிருந்து இந்த ஊர் சுமார் 15 கிலோமீட்டர். இங்கே காவிரி இரண்டாகப் பிரிந்து ஓடுகிறது. நடுவில் ஊர் இருக்கிறது. எனவே இது ஒரு தீவு. ஐதர் அலியும் திப்பு சுல்தானும் இந்த ஊரிலிருந்து ஆண்டார்கள். 1799ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் தேதி ஆங்கிலேயரோடு போர் நடந்தது. அந்தப் போரில் திப்பு இங்கேதான் இறந்தார்.

இங்கே ரங்கநாதர் கோயில் உண்டு. இதை ஆதிரங்கம் என்பார்கள். திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள ஸ்ரீரங்கம் அந்தியரங்கம். இரண்டு ஊருமே காவிரியின் தீவுகள்தான்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காப்பித் தோட்டம் இல்லை. வயலில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. காப்பிக்கு மலை வேண்டும். நல்ல மழை வேண்டும். வெயில் நேராக விழாமல் நிழலும் வேண்டும். அதனால் மேற்கே மலைக்குப் போக வேண்டும். மைசூர், ஹுன்சூர், குஷால்நகர் வழியாகப் பஸ் போகிறது. மூன்று, நான்கு மணி நேரத்தில் மடிக்கேரி வந்துவிடும். அதுதான் குடகு மாவட்டத்தின் தலைநகரம்.

இந்தக் குடகு மலையில்தான் காவிரி பிறக்கிறது. பிறக்கும் இடத்துக்குத் தலைக்காவிரி என்று பெயர். அங்கிருந்து இறங்கும் ஆறு கிருஷ்ணராஜ சாகர் அணைக்கு வருகிறது. பிறகு ஸ்ரீரங்கப்பட்டணம். பிறகு ஒகேனக்கல், மேட்டூர், திருச்சி, தஞ்சாவூர். ஆக, காப்பியும் காவிரியும் ஒரே மலையிலிருந்து கீழே வருகின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

காடு போல ஒரு தோட்டம்

தோட்டத்துக்குள் நுழைந்தால் முதலில் ஆச்சரியமாக இருக்கும். "தோட்டம் எங்கே? இது காடு அல்லவா?" என்று கேட்கத் தோன்றும். மேலே பார்த்தால் பெரிய பெரிய மரங்கள். பலா மரம், சில்வர் ஓக் மரம், முள்முருங்கை. மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். அடியில் ஆள் உயரத்துக்குக் காப்பிச் செடிகள்.

வளரவிட்டால் காப்பி மரமாகவே உயர்ந்துவிடும். பறிக்க வசதியாக இருப்பதற்காக வெட்டிக் குட்டையாக வைக்கிறார்கள்.

சுற்றிக் காட்டுபவர் இரண்டு வகைச் செடிகளைக் காட்டுவார். ஒன்று அராபிகா. இலை சிறியது. உயரமான, குளிர்ச்சியான இடத்தில் வளரும். நோய் எளிதில் தாக்கும். தண்டைத் துளைக்கும் வண்டு இதற்குப் பெரிய எதிரி. காப்பியில் மணம் அதிகம். இன்னொன்று ரோபஸ்டா. இலை பெரியது. உயரம் குறைந்த இடத்திலும் வளரும். நோயைத் தாங்கும். காப்பியில் கசப்பும் கனமும் அதிகம். காப்பி குடித்தால் தூக்கம் கலைகிறது அல்லவா? அதற்குக் காரணமான பொருள் காஃபீன். அராபிகாவை விட ரோபஸ்டாவில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு உண்டு.

மாசி, பங்குனியில் ஒரு கோடை மழை விழ வேண்டும். விழுந்த சில நாளில் செடி முழுவதும் வெள்ளைப் பூ பூக்கும். மலையே மல்லிகைப் பந்தல் போல மணக்கும். சில நாளில் பூ உதிர்ந்துவிடும். பிறகு பச்சைக் காய் பிடிக்கும். அது பழுக்க அராபிகாவுக்கு எட்டு, ஒன்பது மாதம் ஆகும். ரோபஸ்டாவுக்குப் பத்து மாதத்துக்கு மேல். மழை தள்ளிப்போனால் பூ குறையும். பூ குறைந்தால் அந்த ஆண்டு வருமானமும் குறையும்.

நிழல் மரங்கள் எதற்கு? அவை வெயிலைத் தடுக்கின்றன. உதிரும் இலை எருவாகிறது. வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. பெய்யும் மழை ஒரேயடியாக ஓடிவிடாமல் மண்ணில் இறங்குகிறது. அந்தத் தண்ணீர் மெல்ல மெல்ல ஓடைக்கு வருகிறது. ஓடை காவிரிக்கு வருகிறது. மலையில் மரத்தை வெட்டினால் கீழே இருப்பவர்களுக்கும் நட்டம்தான்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் குடகில் பெருமழை பெய்தது. பல இடங்களில் மலைச்சரிவு நழுவியது. வீடுகளும் காப்பித் தோட்டங்களும் மண்ணில் புதைந்தன. மழையை யாரும் தடுக்க முடியாது. ஆனால் மரம் இருக்கும் சரிவில் வேர்கள் மண்ணைப் பிடித்து நிற்கும். இதைக் குடகு மக்கள் நன்றாக அறிவார்கள்.

காப்பி வந்த கதை

காப்பி நம் நாட்டுச் செடி அல்ல. அதன் சொந்த ஊர் ஆப்பிரிக்காவில் உள்ள எத்தியோப்பியா. அங்கிருந்து கடல் தாண்டி அரபு நாடான ஏமனுக்குப் போனது.

நம் நாட்டுக்கு எப்படி வந்தது? அதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். பாபா புதன் என்று ஒரு சூஃபிப் பெரியவர் இருந்தார். சுமார் 350 ஆண்டுகளுக்கு முன்பு அவர் மெக்காவுக்கு யாத்திரை போனார். அந்தக் காலத்தில் முளைக்கும் காப்பி விதையை வெளியே கொண்டுபோக அரபு வியாபாரிகள் விடுவதில்லை. பாபா புதன் ஏழு விதைகளை மறைத்துக் கொண்டுவந்தாராம். சிக்கமகளூர் மலையில் நட்டாராம். அந்த மலைக்கு இன்றும் பாபா புதன்கிரி என்றே பெயர்.

1834ஆம் ஆண்டு ஆங்கிலேயர் குடகைப் பிடித்தார்கள். பிறகு அவர்கள் பெரிய தோட்டங்கள் போட்டார்கள். காட்டை வெட்டவும் பழம் பறிக்கவும் ஆள் வேண்டும். மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்து ஏழைகளை அழைத்து வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் பலர் வந்தார்கள்.

இதே காப்பிக்காகத்தான் தமிழர்கள் இலங்கை மலைக்கும் போனார்கள். காட்டு வழியில் நடந்தே போனார்கள். பசியிலும் நோயிலும் வழியிலேயே பலர் இறந்தார்கள். 1869ஆம் ஆண்டு இலங்கையில் காப்பி இலையில் துரு நோய் கண்டது. சில ஆண்டுகளில் தோட்டங்கள் அழிந்தன. அதன் பிறகுதான் அங்கே தேயிலை பரவியது.

இன்று இந்தியாவில் விளையும் காப்பியில் நூற்றுக்கு 70 பங்கு கர்நாடகத்தில் விளைகிறது. அடுத்து கேரளம். அதற்கு அடுத்து தமிழ்நாடு. நம் ஊரில் ஏற்காடு, நீலகிரி, வால்பாறை, கொடைக்கானலின் கீழ்மலை ஆகிய இடங்களில் காப்பி உண்டு. காப்பி என்றால் பெரிய முதலாளிதான் என்று நினைக்க வேண்டாம். நாட்டில் காப்பி பயிரிடுபவர்கள் 100 பேரில் 98 பேர் சிறு விவசாயிகள்.

பறிக்கும் கை

கார்த்திகை முதல் மாசி வரை பழம் பறிக்கும் காலம். காய் பச்சையாக இருக்கும். பழம் இரத்தச் சிவப்பாக இருக்கும். ஒரே கொத்தில் காயும் இருக்கும், பழமும் இருக்கும். பழத்தை மட்டும் பறிக்க வேண்டும். காயை விட்டுவிட்டு மறுபடியும் வர வேண்டும். இப்படி ஒரே செடிக்கு மூன்று, நான்கு தடவை வருவார்கள்.

சுற்றிக் காட்டுபவர் ஒரு பழத்தைக் கையில் தருவார். பிதுக்கிப் பாருங்கள். வழவழவென்று இருக்கும். நாக்கில் வைத்தால் லேசாக இனிக்கும். உள்ளே இரண்டு கொட்டைகள் ஒட்டியிருக்கும். சில பழங்களில் ஒரே ஒரு உருண்டைக் கொட்டை இருக்கும். அதற்குத்தான் பீபரி என்று பெயர். கடையில் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள்.

பறிப்பவர்களில் பெண்கள் அதிகம். எரவர், குறுபர் என்னும் மலைமக்கள் இருக்கிறார்கள். தமிழர்கள் இருக்கிறார்கள். இப்போது அசாமிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சரிவில் நின்று பறிக்க வேண்டும். அட்டை கடிக்கும். சில இடங்களில் யானை தோட்டத்துக்குள் வந்துவிடும். யானை மிதித்துத் தொழிலாளிகள் இறந்தும் இருக்கிறார்கள். அதனால்தான் பார்க்க வருபவர்களிடமும், "தனியாக ஒதுங்கிப் போகாதீர்கள்" என்று சொல்வார்கள்.

மாலையில் பழத்தை எடை போடுவார்கள். பல தோட்டங்களில் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. இங்கேதான் எழுத்தும் எண்ணும் உதவுகின்றன. ஒரு அம்மா பறித்தது 58 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தராசு முள் 58இல் நிற்கிறது. கணக்குச் சீட்டில் 53 என்று விழுந்தால் என்ன ஆகும்? ஒரு நாளில் 5 கிலோவின் கூலி போகும். ஆறு நாளில் 30 கிலோவின் கூலி போகும். அந்த அம்மாவுக்கு எண் படிக்கத் தெரிந்தால் அங்கேயே கேட்டுவிடலாம். தன் நோட்டிலும் ஒரு வரி எழுதி வைக்கலாம்.

1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. குடிநீர், வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றைப் பெரிய தோட்டங்கள் தர வேண்டும் என்று அது சொன்னது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976ஆம் ஆண்டு சட்டம் வந்தது. பழைய சட்டங்களைச் சேர்த்து இப்போது புதிய சட்டங்கள் செய்திருக்கிறார்கள். இந்த உரிமைகள் அவற்றிலும் இருக்கின்றன. தெரிந்தவர்கள்தான் கேட்டு வாங்க முடியும்.

பழம் கொட்டை ஆகிறது

பறித்த பழத்தை இரண்டு விதமாகப் பக்குவம் செய்யலாம்.

முதல் விதம் எளியது. பழத்தை அப்படியே களத்தில் பரப்பிக் காய வைப்பார்கள். இரண்டு, மூன்று வாரத்தில் காய்ந்துவிடும். பிறகு ஆலையில் தோலை நீக்குவார்கள்.

இரண்டாவது விதத்தில் வேலை அதிகம். பறித்த அன்றே எந்திரத்தில் போட்டுத் தோலை உரிக்க வேண்டும். கொட்டை மேல் வழவழப்பு இருக்கும். அதைத் தொட்டியில் ஊற வைப்பார்கள். ஒரு நாளோ ஒன்றரை நாளோ புளிக்கும். பிறகு நல்ல தண்ணீரில் அலசிக் காய வைப்பார்கள். கடையில் "பிளான்டேஷன் ஏ" என்று விற்கிறார்களே, அது இப்படிப் பக்குவம் செய்த அராபிகாதான்.

இந்த இரண்டாவது முறைக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். அலசிய தண்ணீர் அழுக்கானது. நாற்றம் அடிக்கும். அதை அப்படியே ஓடையில் விட்டால் என்ன ஆகும்? தண்ணீரில் உள்ள காற்று குறைந்துபோகும். மீன் மூச்சுத் திணறிச் சாகும். கீழே உள்ள ஊர்களில் மாடு அந்தத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். முன்பு சொன்னது நினைவிருக்கிறதா? காப்பியும் காவிரியும் ஒரே மலையிலிருந்து வருகின்றன. அதனால்தான் இந்தத் தண்ணீரைக் குழியில் தேக்கிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. தண்ணீர் குறைவாகப் பிடிக்கும் புதிய எந்திரங்களும் வந்துவிட்டன. தோட்டம் பார்க்கப் போகிறவர்கள் இதைக் கேட்கலாம். "அலசிய தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேளுங்கள். நல்ல தோட்டக்காரர் அந்தக் குழியைக் கூட்டிப்போய்க் காட்டுவார்.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். சுமார் 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ கொட்டைதான் கிடைக்கும். வறுத்தால் எடை இன்னும் குறையும். 800 கிராம் அல்லது கொஞ்சம் கூட இருக்கும். ஒரு டம்ளர் காப்பிக்கு 10 கிராம் தூள் போட்டால் அதற்குச் சுமார் 40 பழம் வேண்டும். நாற்பதையும் ஒருவர் கையால் பறித்திருக்கிறார்.

கொட்டை மூட்டைகளில் பாதிக்கு மேல் வெளிநாட்டுக்குப் போகின்றன. விலையை முடிவு செய்வது குடகு அல்ல. அராபிகா விலை நியூயார்க் சந்தையைப் பார்த்து ஏறி இறங்கும். ரோபஸ்டா விலை லண்டன் சந்தையைப் பார்த்து ஏறி இறங்கும். உலகில் அதிகம் காப்பி விளைவது பிரேசில் நாட்டில். அங்கே உறைபனி விழுந்து செடி கருகினால் இங்கே விலை ஏறும். அங்கே நன்றாக விளைந்தால் இங்கே விலை இறங்கும்.

ருசி பார்க்கும் மேசை

சுற்றி முடித்ததும் ஒரு மேசைக்கு அழைப்பார்கள். மேசை மேல் சிறிய கிண்ணங்கள் இருக்கும். பால் இல்லை, சர்க்கரை இல்லை. "இதை எப்படிக் குடிப்பது?" என்று பலரும் முகம் சுளிப்பார்கள். இது குடிப்பதற்கு அல்ல. கொட்டையின் குணத்தைக் கண்டுபிடிப்பதற்கு. பாலும் சர்க்கரையும் சேர்த்தால் குறை மறைந்துவிடும்.

ருசி பார்க்கும் முன் வெற்றிலை, புகையிலை போடக் கூடாது. வாசனை எண்ணெய், அத்தர் பூசக் கூடாது.

முதலில் தூளை முகர்ந்து பார்க்க வேண்டும். பிறகு கொதித்து இறக்கிய வெந்நீரை அதன் மேல் ஊற்றுவார்கள். நான்கு நிமிடம் விட வேண்டும். தூள் மேலே ஆடை போல மிதக்கும். கரண்டியால் அதை விலக்க வேண்டும். அப்போது வரும் ஆவியை முகர வேண்டும். மிதப்பதை எடுத்துவிட்டுக் கொஞ்சம் ஆற விடுவார்கள். பிறகு ஒரு கரண்டி எடுத்து, சத்தம் வர உறிஞ்ச வேண்டும். வெட்கப்பட வேண்டாம். அப்படி உறிஞ்சினால்தான் காப்பி வாய் முழுவதும் பரவும். மணம் மூக்குக்கும் ஏறும். பிறகு துப்பிவிடலாம்.

என்ன பார்க்க வேண்டும்? புளிப்பு எவ்வளவு, கசப்பு எவ்வளவு, வாயில் கனமாக இருக்கிறதா, விழுங்கிய பிறகும் மணம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அராபிகாவில் எலுமிச்சை போல இலேசான புளிப்பு தெரியும். ரோபஸ்டாவில் கசப்பு முன்னால் வரும்.

செய்த வேலையும் நாக்கில் தெரியும். பச்சைக் காயைச் சேர்த்துப் பறித்தால் துவர்க்கும். தொட்டியில் அதிகம் புளிக்க விட்டால் கெட்ட புளிப்பு வரும். சரியாகக் காய வைக்காவிட்டால் பூஞ்சை வாடை வரும். அதிகம் வறுத்தால் கரி வாடை வரும். பறித்த பெண், தொட்டியில் அலசியவர், களத்தில் கிளறியவர், வறுத்தவர் எல்லோருடைய கவனமும் அந்தக் கரண்டியில் இருக்கிறது.

ருசி பார்ப்பது ஒரு தொழில். காப்பி வாரியம் என்பது மத்திய அரசின் நிறுவனம். 1942ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. பெங்களூரில் இருக்கிறது. காப்பியைப் பற்றி அங்கே பயிற்சியும் தருகிறார்கள். சுனாலினி மேனன் என்ற பெண்மணி அங்கே ருசி பார்க்கும் வேலை செய்தார். பிறகு சொந்தமாகச் சோதனைக்கூடம் தொடங்கினார். உலகம் முழுவதும் காப்பித் தொழிலில் அவர் பெயர் தெரியும்.

பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்

மேசையில் கடைசிக் கிண்ணம் ஒன்று இருக்கலாம். அது காப்பியும் சிக்கரியும் கலந்தது. சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். முள்ளங்கி போல இருக்கும். வறுத்து அரைத்தால் காப்பித்தூள் போலவே தெரியும். டிக்காஷனுக்குக் கறுப்பு நிறமும் கெட்டித்தன்மையும் தரும். இனிப்பு கலந்த கசப்பு உண்டு. காஃபீன் கிடையாது. அது விஷமல்ல. பலருக்கு அந்த ருசிதான் பிடிக்கும். ஆனால் அது காப்பியை விட மலிவு. காப்பியின் விலையைக் கொடுத்துச் சிக்கரியை வாங்கக் கூடாது அல்லவா?

சட்டம் என்ன சொல்கிறது? கலப்புத் தூளில் காப்பி 100க்கு 51 பங்குக்குக் குறையக் கூடாது. காப்பி எத்தனை பங்கு, சிக்கரி எத்தனை பங்கு என்று பொட்டலத்தில் அச்சிட வேண்டும்.

அந்த வரி பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். கவலை வேண்டாம். எண் எந்த மொழியிலும் ஒன்றுதான். 60, 40 என்று இருந்தால் 60 காப்பி, 40 சிக்கரி. 200 கிராம் பொட்டலம் என்றால் அதில் 120 கிராம் காப்பி, 80 கிராம் சிக்கரி. இன்னொரு பொட்டலத்தில் 80, 20 என்று இருக்கும். அதில் 160 கிராம் காப்பி. இப்போது இரண்டின் விலையையும் பாருங்கள். எது இலாபம் என்று நீங்களே கணக்குப் போடலாம். அரைத்துத் தரும் கடையாக இருந்தால் உங்கள் கண் முன்னால் கொட்டையை நிறுத்து அரைக்கச் சொல்லலாம். சிக்கரி வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லலாம்.

குடகுக்கு எல்லோராலும் போக முடியாது. பஸ் கட்டணம், தோட்டக் கட்டணம் எல்லாம் செலவுதான். ஆனால் பொட்டலம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. இன்றே அதைத் திருப்பிப் பாருங்கள். எண்ணைத் தேடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் காட்டுங்கள்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டுக் காப்பித்தூளில் சிக்கரி எத்தனை பங்கு?

2. உங்கள் ஊரில் எடை போட்டுக் கூலி தரும் வேலை எது? எடையை யார் எழுதுகிறார்கள்?

3. உங்கள் ஊருக்குத் தண்ணீர் எந்த மலையிலிருந்து வருகிறது? அங்கே மரங்கள் இருக்கின்றனவா?